தாது வருஷத்து ஐஸ்

மாமல்லபுரம். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. கடற்கரைக் கோயிலுக்குப் போகிற பாதையில் பஜ்ஜிக் கடைக்காரர் இப்போதுதான் வாணலியில் எண்ணெய் ஊற்றுகிறார். சங்கு மாலை விற்கும் பெண்கள் நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். மணலில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் பத்துப் பதினைந்து பேரில் ஓர் இளைஞரின் இடது கையில் தடித்த நாவல், வலது கையில் மாம்பழக் குச்சி ஐஸ். பேச்சு சூடு பிடித்ததில் ஐஸை மறந்துவிட்டார். மஞ்சள் துளி ஒன்று பக்கத்தின் நடுவில் விழுகிறது. புறங்கையால் துடைக்கப்போய் நாலு வரிக்கு அதை இழுகிவிடுகிறார்.

"வேற எந்தப் புத்தகத்துல வேணா ஐஸ் சிந்தலாம் தம்பி, இதுல போய் சிந்தறியே" என்கிறார் பக்கத்தில் இருந்த டீச்சர்.

சிரிப்பு அடங்கியதும் பேச்சு மறுபடி அதே பக்கத்துக்குத் திரும்புகிறது. அந்த இளைஞர் கையில் இருந்தது ஜெயமோகனின் 'வெள்ளை யானை'. ஐஸுக்காகச் செத்தவர்களைப் பற்றிய நாவல் அது.

வாசகர் கூட்டம் என்றால் மண்டபம், மைக், தலைமையுரை, நன்றியுரை என்றிருந்த காலம் மெல்ல மாறுகிறது. பெங்களூரு கப்பன் பூங்காவில் புத்தகத்தோடு வந்து மரத்தடியில் உட்காரும் பழக்கம் பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. மாவட்டந்தோறும் அரசு நடத்தும் புத்தகத் திருவிழாக்கள் சின்ன ஊர்களிலும் நாவல் வாங்குகிற கூட்டத்தை உண்டாக்கியிருக்கின்றன. வாங்கியாயிற்று, படித்தும் ஆயிற்று, இனி யாரிடமாவது பேச வேண்டுமே! செங்கல்பட்டு பக்கத்தில் அதற்கு வாய்த்த இடங்கள் இரண்டு. ஒன்று மாமல்லபுரம் மணல். மற்றது ஐஸ்கிரீம் கடை. டீக்கடையில் கிளாஸ் காலியானதும் எழுந்துவிட வேண்டும்; ஐஸ்கிரீம் கடையில் ஒரு ஃபலூடாவை வைத்துக்கொண்டு ஒரு அத்தியாயம் முழுக்கச் சண்டை போடலாம்.

அப்படி ஐஸ்கிரீமும் கையுமாகப் பேச எடுத்த நாவல் இதுவாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் பேசப் பேச அது தற்செயலாகத் தோன்றவில்லை.

சவுக்கும் ஷெல்லியும்

2013-ல் எழுத்து பிரசுரம் வெளியிட்ட நாவல் இது. காலம் 1870-களின் இறுதி, தாது வருஷப் பஞ்சம் மெட்ராஸ் ராஜதானியைத் தின்றுகொண்டிருந்த நேரம். ஷெல்லியின் கவிதைகளில் மூழ்கிய அயர்லாந்துக்காரன் ஏய்டன், பிரிட்டிஷ் படை அதிகாரியாக மெட்ராஸில் இருக்கிறான். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு கங்காணி ஓர் ஆணையும் பெண்ணையும் சவுக்கால் விளாசுவதை அவன் பார்க்க நேர்கிறது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரிக்கப் போகிறவனுக்கு ஐஸ் ஹவுஸின் உள்ளே நடப்பது தெரியவருகிறது. அவனுக்கு வழிகாட்டுகிறவன் காத்தவராயன். அயோத்திதாசப் பண்டிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அது என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த பிரம்மாண்டமான பனிக்கட்டிகளை வெறுங்கையோடு, வெறும் உடம்போடு இழுத்து, உடைத்து, அடுக்குகிறவர்கள் எல்லோரும் தாழ்த்தப்பட்டவர்கள். பஞ்சத்துக்குத் தப்பி ஊரிலிருந்து ஓடி வந்தவர்கள். குளிரில் விரல்கள் செத்துப்போகின்றன. வெளியே வந்தால் வெயில். ஒருநாள் அவர்கள் வேலைக்குப் போக மறுக்கிறார்கள். அந்த வேலைநிறுத்தம் எப்படி நசுக்கப்படுகிறது என்பது நாவலின் கடைசிப் பகுதி.

இடையில் ஒரு பயணம் வருகிறது. பஞ்சத்தை நேரில் பார்க்க ஏய்டன் செங்கல்பட்டுக்குப் போகிறான். நாவலைப் படித்தவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்த இடம் அதுதான். சாலையோரம் நெடுகக் கிடக்கும் மனிதர்களை அந்த அத்தியாயங்கள் விடாமல் காட்டிக்கொண்டே போகின்றன. வட்டத்தில் இருந்த ஒருவர், தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் பைக்கில் வேலைக்குப் போகிறவர், "சிங்கப்பெருமாள் கோயில் தாண்டுனா இப்பல்லாம் என்னால சும்மா வண்டி ஓட்ட முடியல" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

வெட்டினவனும் இறக்கினவனும்

ஐஸ் ஹவுஸ் கதை பலருக்கு அரைகுறையாகத் தெரியும். போஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளை அறுத்து வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்று கண்டுபிடித்தவர். ஊரே சிரித்தது, கடனுக்காகச் சிறைக்கும் போனார். கடைசியில் மரத்தூள் அவரைக் காப்பாற்றியது. கட்டிகளுக்கு நடுவே மரத்தூளை அடைத்து அனுப்பினால் நாலு மாதக் கடல் பயணத்திலும் பாதிக்கு மேல் மிஞ்சும்.

[பெட்டிச் செய்தி]
ஏரியிலிருந்து மெரினாவுக்கு
1833: போஸ்டனிலிருந்து 180 டன் பனிக்கட்டியோடு கிளம்பிய 'டஸ்கனி' கப்பல், நாலு மாதம் கழித்து கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம்.
1842: மெட்ராஸ் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ். கப்பலிலிருந்து இறங்கும் கட்டிகளைச் சேமிக்கும் கிடங்கு.
1870-கள்: நீராவி இயந்திரத்தால் ஐஸ் தயாரிக்கும் முறை மெட்ராஸுக்கே வந்துவிட, அமெரிக்க ஐஸ் வியாபாரம் 1880 வாக்கில் படுத்தது.
1897 பிப்ரவரி: மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். அப்போது கட்டடம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரிடம் இருந்தது.
பிற்பாடு: சகோதரி சுப்புலட்சுமியின் விதவையர் இல்லம் இங்கே நடந்தது. 1963-ல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது. சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் இன்றைக்கும் 'ஐஸ் ஹவுஸ்'தான் பெயர்.
[பெட்டி முடிவு]

நாவலுக்கு வெளியே போய்த் தேடியதில் எனக்குக் கிடைத்த ஒரு சேதியை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, வால்டன் குளக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த அனுபவத்தை 1854-ல் புத்தகமாக்கினார். 1846-47 குளிர்காலத்தில் நூறு அயர்லாந்துக்காரர்கள் மேஸ்திரிகளோடு வந்து அந்தக் குளத்தைப் பாளம் பாளமாக அறுத்ததை அதில் எழுதியிருக்கிறார். மெட்ராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப்போகிறார்கள் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. (அவர் பார்த்து வியந்த அந்தக் குவியலில் ஒரு பகுதியைத்தான் எடுத்துப்போனார்கள், மிச்சம் அங்கேயே கிடந்து 1848 செப்டம்பரில்தான் முழுக்கக் கரைந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார். பூரிப்பு கொஞ்சம் அவசரம்தான்.)

1846-47 அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் உச்சத்தில் இருந்த காலம். ஏறக்குறைய பத்து லட்சம் பேரைக் கொன்ற பஞ்சம் அது. அட்லாண்டிக்கைத் தாண்டிப் பிழைக்கப் போன ஜனங்கள் அந்தப் பக்கம் ஐஸை அறுத்தார்கள். முப்பது வருஷம் கழித்து இந்தப் பக்கம் ஐஸை இழுத்தவர்கள் செங்கல்பட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஓடி வந்த ஜனங்கள். ஒரு பஞ்சம் வெட்டி அனுப்பியதை இன்னொரு பஞ்சம் இறக்கி வைத்திருக்கிறது. ஜெயமோகன் தன் நாயகனை அயர்லாந்துக்காரனாக வைத்ததற்குக் காரணம் கவிதை மட்டும் இல்லை என்று நான் நினைக்கிறேன். ஏய்டனுக்குச் செங்கல்பட்டுச் சாலை புதுசில்லை; அவன் பிறந்த மண்ணின் கதைதான் அது.

இறக்கி வைத்த கதையிலும் ஒரு கண்ணி உண்டு. 1842-ல் மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கை அள்ளி வரும். ஆணி அடித்த படகு இந்த அலையில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அதை ஓட்டியவர்கள் இந்தக் கரையோரத்து மீனவர்கள்.

தாது வருஷம்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1876-ல் பருவமழை பொய்த்தது. ஏரிகளின் மாவட்டம் என்று பேர் வாங்கிய செங்கல்பட்டில் ஏரி இருந்தது, தண்ணீர் இல்லை. தானிய விலை ஏறியது. 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் மாபெரும் தர்பார் நடத்தினார். அதே மாதம் சர் ரிச்சர்ட் டெம்பிள் மெட்ராஸ் ராஜதானிக்கு அனுப்பப்பட்டார். நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே கொஞ்சம் சில்லறை என்று அவர் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். ராஜதானியின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது ஆளைக் கொல்லும் அளவு என்று வாதாடினார். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி இதையெல்லாம் தொகுத்து 1878-ல் இரண்டு தொகுதிகளாக எழுதினார். இந்தியா முழுக்கச் செத்தவர்கள் எத்தனை என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 55 லட்சத்துக்குக் குறைத்து யாரும் பெரும்பாலும் சொல்வதில்லை.

அந்த நாட்களில் கடற்கரையோரத்து வட்டக் கட்டடத்தில் ஐஸ் இருந்தது. துரைமார் பங்களாவில் விஸ்கி கிளாஸில் மிதந்தது. நாவல் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. அதற்கு மேல் வசனம் தேவைப்படவில்லை.

வட்டத்துக்குள் சண்டை

வசனம் தேவைப்படாத இடத்திலும் ஜெயமோகன் நிறைய வசனம் வைத்திருக்கிறார் என்பது அன்றைய கூட்டத்தின் முதல் புகார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர் ஒருவர் பக்கங்களுக்கு அடையாளமாகப் பழைய ரயில் டிக்கெட்டுகளைச் செருகிக்கொண்டு வந்திருந்தார். "ஆளாளுக்குப் பேசறாங்க சார். பசியில கிடக்கிறவன் இவ்வளவு கோர்வையா பேசுவானா?" எனக்கும் அப்படித்தான். சில இடங்களில் பாத்திரங்கள் ஒதுங்கிக்கொள்ள, ஆசிரியர் கட்டுரை படிக்கிறார்.

டீச்சரின் புகார் இன்னும் ஆழமானது. "வேலைநிறுத்தம் பண்ணது நம்ம ஜனம். ஆனா கதை முழுக்க வெள்ளைக்காரனோட மனசாட்சிதானே உறுத்துது? சவுக்கடி பட்ட அந்தப் பொம்பள ராத்திரி வீட்டுக்குப் போயி புருஷன்கிட்ட என்ன சொன்னா? அது எங்க?" யாரும் உடனே பதில் சொல்லவில்லை. எதிர்வாதம் செய்தவர் ஒரு கல்லூரி மாணவர்: வெள்ளைக்காரன் கண் வழியாகப் பார்ப்பதால்தான் சாதி என்பது எவ்வளவு அபத்தம் என்பது தெரிகிறது, உள்ளூர்க்காரன் கண்ணுக்கு அது பழகிப்போயிருக்கும். இரண்டு பேர் சொன்னதும் சரியென்றுதான் படுகிறது. ஆனால் நாவலை மூடிய பிறகு மனதில் நின்றது டீச்சரின் கேள்வி. காத்தவராயன் பேசும் இடங்களில் நாவலுக்கு வருகிற உயிர், ஏய்டன் தனியாக இருந்து புலம்பும் இடங்களில் இல்லை.

மூன்றாவது பேச்சு யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பக்கத்துக் குப்பத்துப் பையன், புத்தகத்தில் பாதிதான் படித்தவன், மசூலாப் படகு பற்றிய பேச்சு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப எங்க தாத்தனுங்கதான அதையும் இறக்கியிருக்கும்? ஐஸ் இறக்குனவங்க, ஐஸ் உடைச்சவங்க ரெண்டு பேருமே இந்தக் கரைதான். புத்தகத்துல படகுக்காரன் சும்மா வந்துட்டுப் போயிடறானே" என்றான். ரயில்வேக்காரர் தலையை ஆட்டி, டிக்கெட் ஒன்றை எடுத்து இன்னொரு பக்கத்தில் செருகிக்கொண்டார்.

மூடியைத் திறந்து வைத்து யோசிக்காதீர்கள்

இந்தச் சண்டைக்கு நடுவில் ஐஸ்காரர் இரண்டு முறை வந்து போனார். மூன்று சக்கர வண்டி, மேலே நிறம் போன குடை, பெட்டியின் மூடியில் விலைப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. குழந்தைகள் மூடியைத் தூக்கிக் குனிந்து எதை எடுப்பது என்று தடுமாறும்போது அவர் பொறுமை இழக்கிறார். "என்னா வேணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் திற கண்ணு. மூடியத் திறந்து வச்சா என் காசுதான் கரையுது." காலையில் ஏற்றிக்கொண்ட குளிர் இரவு எட்டு மணி வரை தாங்க வேண்டும். இளகின சரக்கை அவர் மறுநாள் திருப்பிக் கொடுக்க முடியாது. டியூடரின் கணக்கேதான்: எவ்வளவு ஏற்றினாய், எவ்வளவு மிச்சம்.

இந்தக் கடற்கரையில் இரவு ஏறியதும் வேறொரு மணிச்சத்தம் கேட்கும். குல்ஃபிக்காரர்கள் பெரும்பாலும் வட மாநிலத்திலிருந்து வந்த இளைஞர்கள். சிவப்புத் துணி சுற்றிய பானைக்குள் உடைத்த ஐஸும் உப்பும். நடுவில் கூம்பு கூம்பாகத் தகர அச்சுகள். அச்சை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து நாலு உருட்டு உருட்டினால் ஓரம் இளகும். குச்சியைச் செருகி இழுத்தால் வழுக்கி வரும். மேலே ஒட்டியிருக்கும் உப்பு முதல் கடியில் லேசாகக் கரிக்கும். ஐஸோடு உப்பைக் கலந்தால் குளிர் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும் என்பது பள்ளிக்கூடத்து இயற்பியல். அந்த உப்பு விளைகிற அளங்கள் கோவளத்திலும் செய்யூரிலும் மரக்காணத்திலும், இதே கரையில்தான் இருக்கின்றன.

செங்கல்பட்டு டவுனுக்குள் போனால் கதை மாறும். நாற்பது வயதைத் தாண்டினவர்கள் எல்லோரிடமும் ஒரு 'ஐஸ் கம்பெனி' நினைவு இருக்கிறது. தகர ஷெட், உள்ளே உப்புத் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குள் அச்சு அச்சாகச் சாக்கரின் கலந்த கலர் தண்ணீர். அம்மோனியா வாடை தெரு முனை வரைக்கும் வரும். காலையில் சைக்கிளின் பின்னால் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஐஸ்காரர்கள் கிராமங்களுக்குக் கிளம்புவார்கள். பாலைஸ், சேமியா ஐஸ், நாக்கைச் சிவப்பாக்கும் வெறும் குச்சி ஐஸ். காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பழைய இரும்பைக் கொடுத்து வாங்குவார்கள். சில வீடுகளில் நல்ல இரும்பும் காணாமல் போகும்.

சின்ன ஊர் ஐஸ்கிரீம் வியாபாரமும் அந்தக் குச்சி ஐஸிலிருந்து வந்ததுதான். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-ல் 13,000 ரூபாய் முதலோடு ராயபுரத்தில் ஒரு சின்ன இடத்தில் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு ஐஸ் போட்டார். பெரிய கம்பெனிகள் மெட்ராஸைப் பிடித்து வைத்திருந்ததால் அவர் 1980-களில் வெளியூர்களைப் பார்க்கத் திரும்பினார். அவருடைய அருண் ஐஸ்கிரீம் அப்படித்தான் சின்ன ஊர் பஜார்களுக்கு வந்தது. கண்ணாடிக் கதவு போட்டு, ஃபேன் போட்டு, நாற்காலி போட்ட ஐஸ்கிரீம் கடை என்ற ஒன்று வந்ததே அதற்குப் பிறகுதான். பெண்கள் குடும்பத்தோடு, பிறகு தோழிகளோடு, பிறகு தனியாக வந்து உட்கார முடிந்த முதல் கடை அது என்று டீச்சர் சொல்கிறார். எண்பதுகளின் கடைசியில் கல்லூரி முடித்து நூலகத்தில் எடுத்த நாவலோடு தானும் தோழியும் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்ததாகவும், கல்லாவில் இருந்தவர் இரண்டு மணி நேரம் ஒன்றும் சொல்லவில்லை என்றும் ஞாபகப்படுத்திக்கொண்டார். ஓட்டலில் அது நடந்திருக்காது.

இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளில் மெனு அட்டை ஒரு சிறுகதை நீளம். இருந்தும் ருசியாக எனக்குப் பட்டது அட்டையின் கடைசியில் இருக்கும் ஃப்ரூட் சாலட் வித் ஐஸ்கிரீம்தான். மேலே வெனிலா உருண்டை, கீழே வாழை, பப்பாளி, மாதுளை, அதற்கும் கீழே தேங்கி நிற்கும் ரோஸ் சிரப். கண்ணாடிக் கோப்பையின் அடியில் எல்லாம் சேர்ந்து இளஞ்சிவப்புக் குழம்பாகிவிடும். கோப்பையைத் தூக்கிக் குடித்தால்தான் தீரும். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக வைத்திருக்கும் தெருக்களில் இதைவிட மூன்று மடங்கு விலைக்கு இதைவிடச் சுமாராகக் கிடைக்கும்.

[பெட்டிச் செய்தி]
கப்பைத் திருப்பிப் பாருங்கள்
உணவுப் பாதுகாப்பு விதிப்படி, 'ஐஸ்கிரீம்' என்று போட வேண்டுமானால் குறைந்தது 10 சதவிகிதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பில் செய்தால் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றுதான் போட முடியும். வண்டியில் வாங்கும் பல கோன்களில் பொடி எழுத்தில் இருப்பது இரண்டாவது.
மீனுக்குப் போடும் ஐஸும் ஜூஸுக்குப் போடும் ஐஸும் ஒன்றாகிவிடக் கூடாது என்பதற்காக, சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்ற உத்தரவு 2018-ல் வந்தது.
ஐஸ்கிரீம் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது.
[பெட்டி முடிவு]

2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கத்திரி வெயிலில் நமக்கு ஐஸ் வண்டி ஆறுதல். வண்டியைத் தள்ளுகிறவர் அந்த வெயிலில் நாள் முழுக்க நிற்கிறார். குளிர்ச்சியை விற்கிறவன் குளிர்ச்சியில் இருப்பதில்லை. 1870-களில் உள்ளே விறைத்தார்கள், இப்போது வெளியே காய்கிறார்கள். நாவலை முடித்தவர்கள் யாரும் அன்றைக்கு ஐஸ்காரரிடம் சில்லறை கேட்டு நிற்கவில்லை. அது அன்று ஒரு நாளுக்கான கருணை என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பஞ்சம் விட்டுப்போனவை

தாது வருஷம் முடிந்ததும் பஞ்சம் முடிந்துவிட்டது என்று நாவலை மூடிவிடலாம். செங்கல்பட்டு மாவட்டத்தில் உட்கார்ந்து படித்தால் மூட முடியாது.

மாமல்லபுரத்துக்குள் நுழையும் முன் ஒரு பாலத்தைத் தாண்டுகிறோம். கீழே கிடப்பது பக்கிங்ஹாம் கால்வாய். பஞ்ச காலத்து கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு. மெட்ராஸுக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை 1877-78-ல் நிவாரண வேலையாக வெட்டியவர்கள், அந்தத் தானியக் கூலிக்கு வந்த ஜனங்கள். தெற்கே மரக்காணம் வரை போகும் இந்தக் கால்வாயில் படகேறித்தான் ஒரு காலத்தில் மெட்ராஸ்காரர்கள் மாமல்லபுரம் பார்க்க வந்தார்கள். இன்றைக்குப் பாலத்தின் மேல் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களுக்கு அது சாக்கடை நாற்றமடிக்கிற ஓர் ஓடை.

மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பஞ்சத்தின்போது பதின்வயதுப் பையன். 1893-ல் அவர் பத்திரிகை தொடங்கியபோது வசைச் சொல்லாக இருந்த சாதிப் பெயரையே அதற்குத் தலைப்பாக வைத்தார். நாவலின் காத்தவராயனுக்கு மூலமான அயோத்திதாசர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறைதான் எழுதவும் கேட்கவும் எழுந்து வந்தது.

அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் இந்த மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நாள் முழுக்க நிலத்தில் உழைக்கிறவர்களுக்குக் குடிசை போட்ட இடம்கூடச் சொந்தமில்லை. காலி நிலத்துக்கு விண்ணப்பித்தால் மிராசுதார்கள் தடுத்துவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். அடுத்த வருஷம், 1892 செப்டம்பரில், நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம். ராஜதானி முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்த நிலம் எங்கே போனது என்பதுதான் இந்தக் கரையில் ரொம்ப நாளாகக் கேட்கப்படும் கேள்வி. மாமல்லபுரத்துக்கு உள்ளடங்கிய காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் அதையொட்டிக் கூடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு சில வருஷங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது, ரிசார்ட் வந்தது, பிளாட் போட்டார்கள், சென்ட் விலை எகிறியது. நாவலில் ஐஸ் ஹவுஸ் வாசலில் கூடிய கூட்டத்தையும் செங்கல்பட்டில் கூடிய கூட்டத்தையும் கல்லூரி மாணவர் ஒரே மூச்சில் பேசியபோது, ரயில்வேக்காரர் மட்டும் மறுத்தார். "அது கதை தம்பி. இது கேஸ். ரெண்டையும் கலக்காத. கதைய வச்சு அழலாம். கேஸுக்கு ரெக்கார்டு வேணும்."

அவர் சொன்னதில் ஒரு காரியம் நடந்திருக்கிறது. வட்டத்தில் ஒருவர் தன் ஊரின் அ-பதிவேட்டில் பஞ்சமி நிலத்துக்கு அடையாளமாக 'டி.சி. நிலம்' என்று குறித்த சர்வே எண்கள் என்னென்ன, இன்று பட்டா யார் பேரில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறார். நாவல் படித்ததால் போட்டதா என்று கேட்டதற்கு, "ரொம்ப நாளா போடணும்னு இருந்தேன், இப்ப கோவம் வந்துது" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு நாவல் முடிவாகிவிட்டது: கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரத்து மணலில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கதை தன் மனதில் முளைத்ததாகக் கல்கி முன்னுரையில் சொல்லியிருக்கிறார். ஆகவே இந்த மணலுக்கு இலக்கியப் பேச்சு புதிதில்லை. நாலு பாகத்தை யார் படித்து முடிப்பது என்று கல்லூரி மாணவர் முணுமுணுத்தார். இடம் செங்கல்பட்டு. மணல் வேண்டாம், ஃபேன் இருக்கிற கடையாகப் பார்க்கலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். மனுவுக்குப் பதில் வந்தால் அதன் நகலையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். சட்டப்படி முப்பது நாளுக்குள் வர வேண்டும்.